கரண்ட் நின்ற பிறகு 15 செக்கன்

"உந்த மேடே ஆஸ்பத்திரியிலை கரண்ட் நிண்டால், உள்ளுக்குப் படுத்திருக்கிற ஆக்களுக்கு என்ன செய்வினம் தம்பி?"

தேத்தண்ணி குடிக்க வந்த பக்கத்து வீட்டு அன்ரி கேட்டார். தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தின் லண்டன் ரோட்டில் நிற்கும் அந்த ஆஸ்பத்திரிக்கு 2010இலேயே குரோய்டன் யூனிவர்சிட்டி ஹொஸ்பிட்டல் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு இன்னும் அது மேடேதான். பிள்ளை பெறுவதற்கும் நெஞ்சுவலிக்கும் ஓடிப்போகிற இடம். "ஜெனரேற்றர் இருக்குது அன்ரி" என்று சொன்னால் அது பாதிப் பதில். மற்றப் பாதிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்து பேச வேண்டும்.

கரண்ட் நின்ற கணத்திலிருந்து எண்ணுங்கள். சத்திரசிகிச்சை மேசைக்கு மேலே உள்ள விளக்கு அரைச் செக்கனுக்குள் மீண்டும் எரிய வேண்டும். அதைத் தருவது பற்றரி. தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாசக் கருவிக்கும் மருந்து ஏற்றும் பம்புக்கும் பற்றரித் துணை உண்டு. பல கருவிகளின் வயிற்றுக்குள்ளேயே ஒரு சிறு பற்றரி இருக்கிறது. பற்றரி தாங்குகிற நேரத்துக்குள் டீசல் ஜெனரேற்றர் தானாக ஸ்டார்ட் ஆகி, 15 செக்கனுக்குள் அத்தியாவசியச் சுற்றுகளின் பாரத்தை ஏற்க வேண்டும். பிரிட்டனின் மின்னிணைப்பு விதிகளும் ஆஸ்பத்திரிகளுக்கான வழிகாட்டிகளும் வகுத்த நேரக்கணக்கு இது. முக்கியமான கட்டில்களுக்குப் பின்னால் சில பிளக் பொயின்ற்றுகளுக்குத் தனி அடையாளம் இட்டிருப்பார்கள். எது எந்த வழியால் வரும் மின்சாரம் என்று தாதிக்குப் பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

இந்த ஏற்பாடு எங்கே கோட்டைவிடும் என்று பார்த்தால், பெரும்பாலும் மிகச் சிறிய இடத்தில்தான். ஜெனரேற்றர் என்ஜின் நல்ல நிலையில் இருக்கலாம். அதைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் பற்றரி செத்திருந்தால் என்ஜின் அசையாது. என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரைச் சூடாக வைத்திருக்க ஒரு சிறு ஹீற்றர் உண்டு. மாசி மாதக் குளிரில் அது பழுதானால், 15 செக்கனில் பாரம் ஏற்பது கஷ்டம். தாங்கியில் நீண்ட நாள் கிடக்கும் டீசலின் அடியில் தண்ணீர் சேரும். அந்தத் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கறுத்த சளிபோலப் படியும். என்ஜின் முழு வேகத்தில் எண்ணெயை இழுக்கும்போது அது வந்து பில்டரை அடைக்கும். ஊரில் மாதக்கணக்கில் இழுக்காமல் விட்ட தண்ணி இறைக்கிற மெசினை அவசரத்துக்கு இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதனால்தான் மாதந்தோறும், உண்மையான பாரத்தைக் கொடுத்து, ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். பாரமில்லாமல் சும்மா உறுமவிட்டு நிறுத்துவது சோதனை ஆகாது. எரியாத எண்ணெய் படிந்து என்ஜினுக்கே அது கேடு.

2019 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை பின்னேரம் இதை இங்கிலாந்து நேரில் பார்த்தது. 4.52க்கு ஒரு மின்தொடரில் இடி விழுந்தது. லிட்டில் பார்ஃபர்ட் எரிவாயு மின்நிலையமும் ஹோர்ன்சீ கடற்காற்றாலையும் அடுத்தடுத்து உற்பத்தியை இழந்தன. 50 ஹேர்ட்ஸில் நிற்க வேண்டிய மின்வலையின் அதிர்வெண் 48.8க்கு இறங்கியது. முழு நாடும் இருளாமல் இருக்க, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள், கடைகளின் இணைப்பைத் தானியங்கிகள் துண்டித்தன. ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் இப்ஸ்விச் ஆஸ்பத்திரியில், ஜெனரேற்றர்கள் இருந்தும், சில பிரிவுகள் ஏறத்தாழ 15 நிமிடம் மின்சாரமின்றி இருந்தன. மின்வழியை மாற்றும் அமைப்பிலிருந்த ஒரு பற்றரி பழுது. நல்லகாலம், ஒருவருக்கும் ஆபத்தில்லை.

அடுத்த கேள்வி: ஜெனரேற்றரை எங்கே வைத்திருக்கிறார்கள்? 2012 ஒக்ரோபர் 29 இரவு சாண்டிப் புயல் நியூயோர்க்கைத் தாக்கியபோது, என்.வை.யூ. லாங்கோன் மருத்துவமனையின் கீழ்த்தளத்துக்குள் வெள்ளம் புகுந்தது. மாற்று மின்சாரமும் நின்றது. 300க்கு மேற்பட்ட நோயாளரை வெளியேற்ற வேண்டியதாயிற்று. தீவிர சிகிச்சையில் இருந்த பச்சைக் குழந்தைகளைத் தாதிமார் நெஞ்சோடு அணைத்து, கையால் காற்றுப்பையை அமுக்கி அமுக்கி, இருட்டுப் படிக்கட்டில் இறக்கினார்கள். மூன்று வருடம் கழித்து, 2015 டிசம்பரில், சென்னையில் அடையாற்று வெள்ளம் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் ஜெனரேற்றரை மூழ்கடித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களின் மரணங்கள் தமிழ்நாட்டை உலுக்கின. மேல்மாடியில் எவ்வளவு நவீனமான கருவி இருந்தாலும், அதன் உயிர் நிலக்கீழ் அறையில் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கக்கூடும்.

டீசலைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு நான் பெரிதாகச் சொல்லத் தேவையில்லை. 1990இல் யாழ்ப்பாணம் இலங்கையின் தேசிய மின்வலையிலிருந்து அறுந்தது. 2013இல்தான் கிளிநொச்சி – சுன்னாகம் மின்தொடர் வழியாக மீண்டும் இணைந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியைச் செஞ்சிலுவைச் சங்கம் பாதுகாப்பு வலயமாக்கியது. ஆனால் கொடி குண்டைத் தடுக்கலாம், தாங்கியை நிரப்பாது. ஜெனரேற்றரின் ஆயுள், டீசல் வருகிற பாதையின் ஆயுள்தான். எண்ணெய் எரித்து மின்சாரம் எடுத்த காலம் விட்டுப்போன தடத்தையும் கண்டோம். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. அங்கிருந்த மின்நிலையம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுகாதாரத்துக்காக எரிக்கிற எண்ணெய் இன்னொரு பக்கத்தில் ஆட்களைச் சுகயீனமாக்கக் கூடாது.

இங்கே பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளுக்கு நெருக்கடி வராது என்று இருந்துவிட முடியாது. 2022 ஜூலை 19இல் பிரிட்டனில் முதன்முறையாக வெப்பநிலை 40 பாகையைத் தாண்டியது. அன்று லண்டனின் கைஸ் அண்ட் சென் தோமஸ் ஆஸ்பத்திரிகளின் இரண்டு கணினி மையங்களும் குளிரூட்டல் தோற்று முடங்கின. வைத்தியர்கள் பேனாவும் கடதாசியும் எடுத்தார்கள். சீராகப் பல வாரம் பிடித்தது. மறுநாள் தென்கிழக்கு லண்டனில் விளக்கு அணையாமல் இருக்க, பெல்ஜியத்திலிருந்து கொஞ்ச மின்சாரத்தை ஒரு மெகாவாட் மணித்தியாலத்துக்கு 9,724 பவுண் கொடுத்து வாங்கினார்கள். வழமையான விலையின் பல பத்து மடங்கு அது.

இங்கிலாந்தின் என்.எச்.எஸ்., தன் நேரடிக் கரியமில வெளியேற்றத்தை 2040க்குள் நிகர பூச்சியமாக்குவதாக 2020 ஒக்ரோபரில் உறுதி சொன்னது. அதற்கு எரிவாயுக் கொதிகலன்கள் போக வேண்டும். அவற்றின் இடத்தில் ஹீற் பம்ப் வந்தால், ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று பங்கு சூடு கிடைக்கும். மிக நல்லது. ஆனால் அதற்குப் பிறகு கரண்ட் நின்றால் சூடும் நிற்கும். ஆகவே பசுமையாக்கும் வேலையையும் பாதுகாக்கும் வேலையையும் ஒரே மேசையில் வைத்துத் திட்டமிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சூரியத் தகடு போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரணமாகப் பூட்டிய தகடு, நடு மத்தியானத்தில் வெயில் கொளுத்தினாலும், வெளிமின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் தொழிலாளிக்கு மின்சாரம் அடிக்காமல் இருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி தன்னை வெளிவலையிலிருந்து பிரித்துக்கொண்டு தனித்து ஓட வேண்டுமென்றால், பெரிய பற்றரியும், தானே அதிர்வெண்ணை உருவாக்கக்கூடிய இன்வேட்டரும் வேண்டும். அவை இருந்தால், பகலில் தகடு தருகிற ஒவ்வொரு அலகும் தாங்கியில் டீசலை மிச்சம் பிடிக்கும். இரண்டு நாள் எண்ணெய் மூன்று நாளுக்கு வரலாம். வேல்ஸில் சுவான்சியின் மொரிஸ்டன் ஆஸ்பத்திரி 2021இல் 10,000 தகடுகளோடு தனக்கென ஒரு சூரியப் பண்ணை அமைத்து, ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தனிக்கம்பியால் மின்சாரத்தைக் கொண்டுவந்தது; பிறகு பற்றரியும் சேர்த்தது.

தோர்ண்டன் ஹீத்தில் அப்படி வயல் இல்லை. 1885இல் தொடங்கிய இடம். வெவ்வேறு காலத்துக் கட்டடங்கள், சுற்றிவர ஒட்டி ஒட்டி வீடுகள். இப்படிப்பட்ட நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூரையும் கார் தரிப்பிடமும்தான் உண்டு. எனவே முதல் வேலை, தேவையைக் குறைப்பது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் மணித்தியாலத்துக்கு 20 தடவைக்கு மேல் காற்றை மாற்றுகிறார்கள். ஒருவருமில்லாத இரவில் அந்த விசிறிகளின் வேகத்தைக் குறைத்தால் பெரிய மிச்சம். ஒழுகும் ஜன்னல், மூடாத நீராவிக் குழாய், பழைய பல்ப் எல்லாம் இதே கணக்கில் வரும். தேவை குறைந்தால் பற்றரி சிறிதாகும், ஜெனரேற்றர் நீண்ட நேரம் ஓடும், வெப்ப அலையில் அறையும் மெதுவாகச் சூடாகும்.

இதில் கண்டுபிடிக்க வேண்டிய புதுமை குறைவு. செய்யாமல் கிடக்கிற வேலைதான் அதிகம். இங்கிலாந்தின் என்.எச்.எஸ். கட்டடங்களில் தேங்கிய பராமரிப்பு வேலையின் பெறுமதி 2023–24இல் 13.8 பில்லியன் பவுண். புது ஸ்கானருக்கு நாடா வெட்ட அமைச்சர் வருவார். ஸ்டார்ட்டர் பற்றரி மாற்றுவதற்கு வரமாட்டார். அதைக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள். ஆஸ்பத்திரி நிர்வாக சபைகள் பொதுமக்கள் முன் கூடுகின்றன; கேள்வி அனுப்பலாம். வெளிமின்சாரத்தை உண்மையாகவே நிறுத்திக் கடைசியாகச் சோதித்த திகதி என்ன? தாங்கியிலுள்ள டீசல் எத்தனை நாளுக்கு வரும், அதைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்? 40 பாகை வெயிலில் கணினி அறையைக் குளிர்விக்க இரண்டாவது வழி உண்டா? மூன்று கேள்வியும் ஒரு கடிதத்தில் அடங்கும். எங்கள் தாய்மாரும் பிள்ளைகளும் போய்ப் படுக்கிற இடத்தைப் பற்றி அதைக் கேட்க எங்களுக்கு முழு உரிமையும் உண்டு.