ட்ரெல்லிஸ் குறிமுறைப் பண்பேற்றம்

ட்ரெல்லிஸ் குறிமுறைப் பண்பேற்றம் என்பது எண்ணிமத் தகவல் தொடர்பில் பிழைதிருத்தக் குறிமுறையையும் பண்பேற்றத்தையும் ஒரே செயலாக இணைக்கும் முறையாகும். பட்டை அகலத்தையோ அனுப்பும் திறனையோ கூட்டாமலேயே இது இரைச்சலால் ஏற்படும் பிழைகளைக் குறைக்கிறது. சூரிச் அருகே உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் பணியாற்றிய காட்ஃபிரீட் உங்கர்பெக் இதனை 1970களில் உருவாக்கி, 1982இல் விரிவான ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

பின்னணி

வழக்கமான பிழைதிருத்த முறையில் தகவல் பிட்டுகளுடன் கூடுதல் பிட்டுகள் சேர்க்கப்படுகின்றன. தகவல் வேகம் குறையாதிருக்க, நொடிக்கு அதிகக் குறியீடுகளை அனுப்ப வேண்டும். அதற்கு அகன்ற பட்டை தேவை. ஆனால் தொலைபேசி இணைப்பின் பட்டை அகலம் சுமார் 3 கிலோஹெர்ட்சு மட்டுமே. மாறாக, குறியீட்டுப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் பட்டை அகலம் மாறாது. ஆயினும் புள்ளிகள் நெருங்கிவிடுவதால் சிறிய இரைச்சலும் ஒரு புள்ளியை மற்றொன்றாகக் காட்டிவிடும்.

செயல்படும் விதம்

4 கட்டப் பண்பேற்றத்தில் ஒரு குறியீடு 2 பிட்டுகளைச் சுமக்கும். இம்முறையில் குறியாக்கி அந்த 2 பிட்டுகளை 3 ஆக்கி, 8 கட்டங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. ஆரம் 1 உடைய வட்டத்தில் 8 புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறைந்த தொலைவு 0.765. ஒன்றுவிட்டு ஒன்றாக இரு தொகுதிகளாகப் பிரித்தால் அது 1.414 ஆகும், மீண்டும் பிரித்தால் எதிரெதிர்ப் புள்ளிகள் மட்டும் எஞ்சி, தொலைவு 2 ஆகும்.

அடுத்து எந்தப் புள்ளிகள் வரலாம் என்பதைக் குறியாக்கியின் அப்போதைய நிலை கட்டுப்படுத்துகிறது. அனுமதிக்கப்பட்ட வரிசைகளைக் கால ஓட்டத்தில் வரைந்தால், கொடி படரவிடும் பின்னல் தட்டி போன்ற படம் கிடைக்கும். ஆங்கிலத்தில் ட்ரெல்லிஸ் என்பது அத்தட்டியின் பெயரே. பெறுநர் ஒவ்வொரு புள்ளியையும் தனியே முடிவு செய்வதில்லை. பெற்ற வரிசைக்கு மிக அருகிலுள்ள பாதையை விட்டர்பி படிமுறையால் கண்டறிகிறது.

இரைச்சல் செயல்திறன்

எனவே பிழையைத் தீர்மானிப்பது புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு அன்று. பாதைகளுக்கு இடையிலான தொலைவே. 4 நிலைகள் கொண்ட குறியாக்கியில் இது 2. குறிமுறையற்ற 4 கட்டப் பண்பேற்றத்தில் 1.414. தொலைவின் இருமடி இரட்டிப்பதால் ஆதாயம் சுமார் 3 டெசிபெல். அதாவது, ஏறத்தாழ அதே பிழை வீதத்திற்குப் பாதித் திறன் போதும். 8 நிலைகளில் இது சுமார் 3.6 டெசிபெல்லாக உயர்கிறது. நிலைகள் பெருகப் பெருகக் கணக்கீடும் பெருகும். கூடுதல் ஆதாயமோ குறைந்துகொண்டே வரும். மேலும், இவை இரைச்சல் குறைவான சூழலுக்குரிய எல்லை மதிப்புகள்; இரைச்சல் மிகும்போது ஆதாயம் குறையும்.

பயன்பாடு

1984ஆம் ஆண்டின் வி.32 மோடம் தரம் 4 பிட்டுகளுடன் ஒரு பிட்டைச் சேர்த்து, 32 புள்ளிகளைக் கொண்டு நொடிக்கு 9,600 பிட்டுகளை அனுப்பியது. 1994இல் வந்த வி.34 தரம் இம்முறையை விரிவாக்கி, சாதாரணத் தொலைபேசி இணைப்பிலேயே 28,800 பிட்டு வேகத்தை எட்டியது.