குற்றம் அறிந்தும் குறையாத அன்பு: ராஜ் கபூரின் 'ஆவாரா'

"புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?" என்று நம்மவர் கேட்பதுண்டு. நல்ல தந்தையின் மகன் பரீட்சையிற் சித்தியெய்தினால் அது பாராட்டு. கெட்டவன் எனப் பெயரெடுத்தவனின் மகன் கால் இடறினால் அதே வாக்குப் பழியாகிவிடும். பாராட்டாக வரும்போது அதனால் எவருக்கும் தீங்கில்லை. பழியாக வரும்போதோ, குற்றம் இன்னதென்றே அறியாத குழந்தையின் நெற்றியிலும் அது முத்திரை குத்திவிடுகிறது.

இந்த வாக்கையே எதிரிக் கூண்டில் ஏற்றி விசாரித்த படமொன்று 1951ஆம் ஆண்டிலே பம்பாயிலிருந்து வெளிவந்தது. ராஜ் கபூர் தயாரித்து, நெறிப்படுத்தி, தாமே கதாநாயகனாகவும் நடித்த 'ஆவாரா' என்னும் இந்திப் படமே அது. வீடுவாசலின்றி ஊர் சுற்றித் திரிபவன் என்பது அச்சொல்லின் பொருள். இன்று அப்படத்தை நினைவுகூருவோர் பெரும்பாலும் அதன் பாடல்களையும், ராஜ் கபூர் - நர்கிஸ் ஜோடியின் காதற் காட்சிகளையுமே எடுத்துச் சொல்வர். அது காதற்படந்தான், ஐயமில்லை. ஆயினும், வழி தவறிய ஒருவனை மீட்கவல்ல காதல் எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்ற வினாவும் அதனுள்ளே இருக்கிறது. அவ்வினாவைப் பற்றியே நாம் இங்கு சிந்திக்க விழைகிறோம்.

இரு முறை பிழைத்த நீதி

கதை நீதிமன்றத்திலே தொடங்குகிறது. ரகுநாத் என்ற புகழ்பெற்ற நீதிபதியைக் கொல்ல முயன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு ராஜ் என்னும் இளைஞன் கூண்டில் நிற்கிறான். அவனுக்காக வாதாட முன்வருகிறவள் ரீத்தா என்ற இளம் பெண் நியாயவாதி. அவள் அந்த நீதிபதியின் ஆதரவிலேயே வளர்ந்தவள். தன்னை வளர்த்தவரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தி அவள் கேள்வி மேற் கேள்வி கேட்க, பழைய கதை வெளிவருகிறது.

ரகுநாத் தம் இளமையில் ஊரின் வழக்கத்தை எதிர்த்து லீலா என்ற கைம்பெண்ணை மணந்தவர். அத்தகைய துணிவுள்ளவர், நீதிமன்றத்தில் மட்டும் ஒரு கொள்கையை இறுகப் பற்றியிருந்தார். நல்லவர் வயிற்றில் நல்லவனும், கள்வர் வயிற்றில் கள்வனுமே பிறப்பான் என்பது அக்கொள்கை. ஜக்கா என்பவனின் தந்தையும் பாட்டனும் கொள்ளைக்காரர் என்ற காரணங்கொண்டே, அவன் செய்யாத குற்றத்துக்காக அவனைச் சிறைக்கு அனுப்பிவிட்டார். சிறையிலிருந்து வெளியேறிய ஜக்கா மெய்யாகவே கொள்ளைக்காரனானான். பழி தீர்க்கவேண்டி லீலாவைக் கவர்ந்து சென்றவன், அவள் கருவுற்றிருப்பதை அறிந்ததும் சில நாட்களில் தீங்கின்றி விடுவித்தான். நீதிபதியின் மகனைக் கள்வனாக்கி, அவருடைய கொள்கையைக்கொண்டே அவரை வீழ்த்துவதென அவன் தீர்மானித்துவிட்டான்.

வீடு திரும்பிய மனைவியை ரகுநாத் என்ன செய்தார்? உறவினரின் தூற்றுதலுக்குச் செவிசாய்த்தார். வயிற்றிலிருப்பது எவன் குழந்தையோ என்று ஐயுற்றார். மழை கொட்டும் இரவிலே அவளை வெளியே தள்ளினார். குழந்தை தெருவிலே பிறந்தது. அந்த வேளையிலே தெருப் பாடகர்கள் சிலர் சனகன் மகளின் துயரத்தைப் பாடுவதாகக் காட்சி அமைக்கப்பட்டிருக்கிறது. ரகுநாத் என்பது இராமபிரானின் திருநாமங்களுள் ஒன்று. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி மனைவியைத் துறந்த பழங்கதை மறுபடியும் நடக்கிறது என்பதைப் பார்ப்போர் விளக்கமின்றியே உணர்வர்.

இங்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும். ரகுநாத் தம் மனைவியை நேசிக்கவில்லை என்று படம் சொல்லவில்லை, மிகவும் நேசித்தார். அந்த நேசம் ஒரு சந்தேகத்தைத் தாங்கும் வலிமையற்றதாய் இருந்தது. ஊரை எதிர்த்து மணந்தவர், ஊர் சொல்லை நம்பி உதறினார்.

ஒரு துண்டு ரொட்டி

சிறுவன் ராஜ் பம்பாயின் சேரியிலே தாயுடன் வளர்கிறான். பள்ளியில் ரீத்தா என்ற சிறுமி அவனுக்குத் தோழியாகிறாள். வறுமையினால் அந்தப் பள்ளி வாழ்வும் நிலைக்கவில்லை. தாய் பசியாலும் பிணியாலும் வாடும்போது ரொட்டி திருடப் போய் அகப்பட்டுக்கொள்கிறான். சிறுவனாகச் சிறைக்கம்பிகளுக்குள் சென்றவனை, ரொட்டியும் கையுமாக அதே கம்பிகளுக்குள் வளர்ந்த இளைஞனாக நாம் அடுத்துக் காண்கிறோம். வெளியிலே கிடைக்காத ரொட்டி உள்ளே தவறாமற் கிடைக்கிறது என்ற கசப்பை இதனினுஞ் சுருக்கமாகக் காட்டல் அரிது.

இக்கதையைத் தந்தவர் பத்திரிகையாளராகவும் விளங்கிய குவாஜா அகமது அப்பாஸ். வி. பி. சாத்தே அவருக்குத் துணையிருந்தார். தந்தையும் மகனுமாகத் தோன்றுவோர் மெய்யாகவே தந்தையும் மகனுமாய் இருத்தல் வேண்டும் என்பது அப்பாஸின் விருப்பம். அவ்வாறே நீதிபதி ரகுநாத்தாக ராஜ் கபூரின் தந்தை பிரிதிவிராஜ் கபூர் நடித்தார். சிறுவன் ராஜாகத் தோன்றியவர் தம்பி சசி கபூர். நீதிமன்றத்திலே தீர்ப்பளிக்கும் ஆசனத்தில் அமர்ந்திருப்பவரோ பிரிதிவிராஜின் தந்தையாரான பசேஷ்வர்நாத் கபூர். இவ்வாறு பாட்டன் நீதியாசனத்திலும், தந்தை சாட்சிக் கூண்டிலும், மகன் எதிரிக் கூண்டிலுமாக ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினரை ஒரு மண்டபத்திற் காண்கிறோம். பிறப்பினாலேயே குணம் அமையுமா என்று கேட்கும் கதைக்கு இதனினும் பொருத்தமான நடிகர்கள் வாய்த்திருக்க முடியாது.

இரு பெண்களின் அன்பு

ராஜை நேசிப்போர் இருவர்: தாய் லீலாவும், மீண்டும் அவன் வாழ்வில் வந்து சேரும் ரீத்தாவும். லீலாவாக லீலா சிட்னிஸும், ரீத்தாவாக நர்கிஸும் நடித்தனர்.

தாயின் அன்பு குறைவற்றது. ஆனால் அவள் மகனை அறியாள். தான் வியாபாரம் செய்வதாக அவன் சொல்லும் பொய்யை அவள் நம்புகிறாள். தந்தையைப் போல அவன் பெருமை பெறவேண்டும் என்று கனவு காண்கிறாள். அந்த நம்பிக்கை மகனின் நெஞ்சிலே சுமையாய் அழுத்துகிறதேயன்றி, அவனைத் தீயவழியிலிருந்து திருப்பவில்லை. தாயின் மனம் நோகலாகாதே என்று அவன் மேலும் பொய் சொல்கிறான். நமது வீடுகளிலும் இது நிகழ்வதுண்டு. "என் பிள்ளை அப்படிச் செய்யமாட்டான்" என்று சொல்லும் தாயின் முன்னே, செய்துவிட்ட பிள்ளையால் வாய் திறக்க முடிவதில்லை.

ரீத்தாவின் அன்பு வேறு. தொடக்கத்திலே அவளும் ஏமாற்றப்படுகிறாள். அவளுடைய கைப்பையைப் பறித்தவனே, எவனோ கள்வனைத் துரத்திப் பிடித்து மீட்டவன்போல் அதனை அவளிடம் திருப்பிக் கொடுக்கிறான். பின்னர் அவள் பிறந்தநாள் வருகிறது. வெறுங்கையோடு செல்ல மனமில்லாத ராஜ், தெருவிலே ஒருவரிடமிருந்து கழுத்துமாலை ஒன்றைப் பறித்து வந்து பரிசளிக்கிறான். அந்த மாலை, ரீத்தாவுக்கென்றே நீதிபதி ரகுநாத் வாங்கி வந்தது. அவர் கையில் எஞ்சிய வெறும் பெட்டி அவளிடம் வந்து சேர்கிறது. மாலை ஒருவனிடமிருந்தும் பெட்டி மற்றொருவரிடமிருந்தும் வந்ததைக் கண்ட கணத்திலே அவளுக்கு உண்மை விளங்கிவிடுகிறது.

இவ்விடத்திலேதான் படம் தன் விடையைச் சொல்கிறது என்பது நமது எண்ணம். ரகுநாத்துக்கு ஓர் ஐயம் வந்ததும் அவர் கதவைச் சாத்தினார். ரீத்தாவுக்கோ ஐயமன்று, கையிலே சான்றே கிடைத்துவிட்டது. அவள் என்ன செய்தாள்? ராஜின் தாயை நாடிச் சென்றாள். அவன் எங்கே பிறந்தான், எவ்வாறு வளர்ந்தான் என்று கேட்டறிந்தாள். அறிந்த பின்னரே மன்னித்தாள். அவர் கேளாமலே தீர்ப்பளித்தவர். இவள் கேட்டறிந்து நேசித்தவள். வயதாலும் கல்வியாலும் பெரியவரான நீதிபதிக்குத் தோன்றாத ஒன்று அந்த இளம் பெண்ணுக்குத் தோன்றியது.

ராஜின் உள்ளத்துப் போராட்டத்தைக் காட்டுவது புகழ்பெற்ற அந்தக் கனவுக் காட்சி. சுற்றிலும் தீயும் பேயுருவங்களுமாக நரகம். உயரே மேகங்களின் நடுவே படிகள். அவற்றின் உச்சியிலே ரீத்தா. அவள் கைகொடுத்து அழைக்க அவன் ஏறுகிறான். கத்தியேந்திய ஜக்கா பேருருவாக எழுந்து நிற்க, மறுபடியும் வீழ்கிறான். ஏறக்குறைய 9 நிமிடங்களே ஓடும் இக்காட்சியைப் படமாக்க மூன்று மாதங்கள் சென்றன. எம். ஆர். அச்ரேக்கரின் கலையமைப்பும் ராது கர்மாக்கரின் ஒளிப்பதிவும் அதன் சிறப்புக்குக் காரணமாயின. விழித்தெழுந்தவன் திருந்தி வாழ விரும்புகிறான். தொழிற்சாலையிலே வேலைக்கும் அமர்கிறான். முன்னாள் திருடன் என்று தெரிந்ததும் வேலை போய்விடுகிறது. மனந்திருந்தியவனுக்கு அன்பு மட்டும் போதாது, ஊரும் சற்று இடங்கொடுத்தாக வேண்டும் என்ற உண்மையை இப்பகுதி மறைக்காமற் சொல்லிவிடுகிறது.

குறையொன்று உண்டு

புகழ்ந்து சொல்லும்போது ஒரு குறையையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. கடற்கரைக் காட்சியொன்றில், ரீத்தா விளையாட்டாக அவனைக் காட்டுமிராண்டி என்று சொல்ல, அவன் அவளை அறைந்துவிடுகிறான். அவளும் அதனைப் பொறுத்துக்கொண்டு அவனையே பற்றி நிற்கிறாள். தாழ்வுணர்ச்சியால் வெந்த மனத்தின் சீற்றம் அது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் பெண்ணின் பொறுமையை அன்பின் அளவுகோலாக்கும் அந்தக் காட்சியை நாம் ஏற்பதற்கில்லை. குற்றத்தை அறிந்தும் நேசிப்பது வேறு. அடியை வாங்கிக்கொண்டு நேசிப்பது வேறு. நமது பெண்மக்கள் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

மூன்றாண்டுத் தண்டனை

தாயைத் தாக்க வந்த ஜக்காவை ராஜ் கொல்ல நேரிடுகிறது. தன் வாழ்வு பாழானதற்குக் காரணமானவர் ரகுநாத் என்று அறிந்து, கத்தியுடன் அவரையும் தேடிச் செல்கிறான். இவ்வாறு நாம் முதலிற் கண்ட வழக்கு மன்றுக்கு வருகிறது. ரீத்தா எவ்வளவோ திறமையாக வாதாடுகிறாள். எனினும் அவன் விடுதலை பெறவில்லை. மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்படுகிறது.

வேறொரு படமாயின், காதலியின் வாதத்தைக் கேட்டு மன்று கண்ணீர் வடிக்க, எதிரி விடுதலையாகி மணமாலை சூடியிருப்பான். 'ஆவாரா' அவ்வாறு முடியவில்லை. தனக்காக இரக்கம் வேண்டாம், சேரிகளிலே வளரும் எண்ணற்ற குழந்தைகளைப் பாருங்கள் என்று மன்றிலே வேண்டிக்கொள்ளும் ராஜ், தண்டனையை ஏற்றுச் சிறை செல்கிறான். ரீத்தா காத்திருப்பதாக உறுதி கூறுகிறாள். தந்தையோ சிறைக்கு வந்து மகன் முன்னே கண்ணீர் விடுகிறார். மகனுக்குச் சட்டப்படி தண்டனை கிடைத்தது. மனைவியைத் தெருவிலே விட்ட தந்தைக்கு எந்தச் சட்டமும் தண்டனை விதிக்கவில்லை. ஆதலால் அவருடைய சுமையே பெரிது. மூன்றாண்டுகளின் பின் ராஜ் வெளியே வருவான். ரகுநாத் மன்னிப்புக் கேட்கவேண்டிய லீலா அப்போது உயிருடன் இல்லை.

ஜக்காவையும் நாம் மறத்தலாகாது. அநீதி இழைக்கப்பட்டவர் இருவர்: ராஜ் ஒருவன், ஜக்கா மற்றவன். ஒருவனைத் தேடி ஒரு ரீத்தா வந்தாள்; மற்றவனைத் தேடி எவரும் வரவில்லை. இருவரின் முடிவும் வேறுபட்டதற்கு இதுவே காரணம் என்று நாம் எண்ணுகிறோம்.

இந்த எளிய கருத்து மொழியையும் எல்லையையும் கடந்து சென்றது. 1953இல் பிரான்சின் கான் திரைப்பட விழாப் போட்டியில் இப்படம் இடம்பெற்றது. 1954இல் சோவியத் ருஷ்யாவிலே திரையிடப்பட்டபோது 6 கோடிக்கும் மேற்பட்ட சீட்டுகள் விற்பனையாயின. 1964இல் துருக்கி நாட்டினர் இதனைத் தம் மொழியிலே மீண்டும் படமாக்கினர். சங்கர் - ஜெய்கிஷன் இசையில், சைலேந்திராவும் ஹஸ்ரத் ஜெய்ப்பூரியும் இயற்றிய பாடல்களை முகேஷும் லதா மங்கேஷ்கரும் பாடினர். 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, பாரதத்து நேயர்கள் தமது வானொலிப் பெட்டியை நமது கொழும்பின் பக்கம் திருப்பினார்கள். இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பு அந்நாளைய திரையிசைக்குப் புகலிடமாயிற்று என்பதில் நமக்கும் சிறிது பெருமையுண்டு.

ராஜ் கபூர் 1988இலும், நர்கிஸ் 1981இலும் மறைந்துவிட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற வினா மறையவில்லை. இன்றும் நமது அயலிலே, தகப்பன் பெயரைச் சொல்லி ஒதுக்கப்படும் ஒரு சிறுவன் இருக்கக்கூடும். மறியலிலிருந்து மீண்டு வந்து வேலை தேடும் ஓர் இளைஞனும் இருக்கக்கூடும். அவன் செய்ததை இல்லை என்று மூடி மறைப்பது அன்பாகாது. செய்ததற்காகக் கதவைச் சாத்துவது நீதியுமாகாது. முதலில் அவனை அழைத்து, உட்காரவைத்து, அவன் கதையைக் கேட்போம். தீர்ப்பு அதற்குப் பின்னர் வரட்டும்.