ஒரு மரத்துக்கு எத்தனை கலயம்?

"பதநீர் இறக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். ஒரு மரத்துல எத்தனை கலயம் கட்டலாம்?" பள்ளிகொண்டா, அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் வரப்பிலே பனையும் தோப்பிலே தென்னையும் வைத்திருக்கிற உழவர்களுக்கு முதலில் எழுகிற கேள்வி இதுதான். மரம் அஞ்சு பாளை விட்டிருக்கிறதே, அஞ்சிலும் கட்டினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பாளையை எண்ணி கலயம் கட்டக் கூடாது. ஓலையை எண்ண வேண்டும், ஏறுகிற ஆளின் காலைப் பார்க்க வேண்டும், அடுப்பையும் பார்க்க வேண்டும்.

சாறு எங்கிருந்து வருது?

பச்சை ஓலை வெயிலில் சமைக்கிற சர்க்கரைதான் பாளைக்கு வருகிறது. பூவாகி, காயாகி, விதையாக வேண்டிய சாப்பாடு அது. பாளை நுனியைச் சீவி நாம் அதைக் கலயத்துக்குத் திருப்பிக்கொள்கிறோம். கலயத்தைக் கூட்டினால் ஓலை கூடாது. உள்ளதைத்தான் பங்கு போட்டு வாங்குகிறோம். அதனால் ரெண்டாவது கலயம் கட்டினாலும் சாறு ரெண்டு மடங்காகிவிடாது.

இந்தக் கணக்கு உலகம் முழுக்க உண்டு. கனடாவில் மேப்பிள் மரத்தில் துளை போட்டுச் சாறு எடுக்கிறார்கள். அடிமரத்தின் குறுக்களவு 10 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் அந்த மரத்தைத் தொடுவதில்லை. அதற்கு மேல் ஒரு துளை, 18 அங்குலம் தாண்டினால் ரெண்டு. மரம் எவ்வளவு பெருத்திருந்தாலும் ரெண்டுக்கு மேல் வேண்டாம் என்பதுதான் இப்போதைய பரிந்துரை. துளை போட்ட இடத்தில் மேலும் கீழும் கட்டை செத்துப்போகும், அங்கே மறுபடி சாறு வராது.

நம் வங்காளத்தில் குளிர்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவுகிறார்கள். சில நாள் சீவியபின் சில நாள் ஓய்வு விடுகிறார்கள். ஓய்வுக்குப் பின் இறங்குகிற முதல் சாறுதான் அங்கே உசத்தி, நல்ல வெல்லம் அதில்தான் வரும். ஒரு வருசம் சீவிய பக்கத்தை மறு வருசம் சீவாமல் எதிர்ப்பக்கம் மாறிக்கொள்கிறார்கள்.

நாம் அடிமரத்தை வெட்டுவதில்லை, பாளையைத்தான் சீவுகிறோம். அதனால் மரத்தில் நிரந்தரக் காயம் இல்லை. ஆனாலும் ஓய்வு வேண்டும் என்ற விதி நமக்கும் பொருந்தும்.

தென்னை: ஒண்ணு போதும்

நல்லா இருக்கிற தென்னை மாதத்துக்கு ஒரு ஓலையும், அதன் கக்கத்தில் ஒரு பாளையும் விடும். ஒரு பாளையைப் பக்குவமாகச் சீவினால் ஒரு மாதத்துக்கு மேல் ஓடும். அது தீருகிற நேரத்தில் அடுத்தது தயாராகிவிடும். ஆக, ஒரு நேரத்தில் ஒரு பாளை என்பதே மரத்தின் நடைக்கு ஒத்த கணக்கு. மண்டையில் 30 பச்சை ஓலைக்கு மேல் இருக்கிற மரத்தில் மட்டும் ரெண்டாவதை யோசியுங்கள். 25-க்குக் கீழே இருந்தால் அந்த வருசம் கட்டவே வேண்டாம், முதலில் எருவும் மூடாக்கும் கொடுங்கள். ஆறு மாதம் இறக்கினால் அடுத்த ஆறு மாதம் காய்க்க விடுங்கள். சீவுகிற ஒவ்வொரு பாளையும் ஒரு குலைத் தேங்காயை விட்டுக்கொடுப்பது என்பது நினைவிருக்கட்டும்.

தென்னை நீராவுக்கு 2017-ல்தான் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தி வழி செய்தது. உரிமம் இல்லாமல் இறக்கக் கூடாது.

பனை: ஆணா, பெண்ணா?

பனையில் ஆண் மரத்தின் அலகுகளைச் சேர்த்துக் கட்டி ஒரே கலயத்தில் விடலாம். பெண் பனையில் பாளையைக் கடிப்பால் இடுக்கிப் பதப்படுத்திச் சீவ வேண்டும். பெண் பனைதான் சாறு கூடுதலாகத் தரும். ஆனால் முழுசும் சீவினால் நுங்கும் இல்லை, பழமும் இல்லை, விதையும் இல்லை. பனை முதல் பூ விட பதினஞ்சு வருசம்கூட ஆகும், அதற்கு முன் ஆணா பெண்ணா என்று தெரியாது. இன்றைக்கு விதை விழாவிட்டால் நம் பேரப்பிள்ளைகளுக்கு மரம் இருக்காது.

எனவே முதல் வருசம் ஒரு மரத்துக்கு ரெண்டு கலயத்தோடு நிறுத்துங்கள். எல்லாப் பாளையையும் ஒரே நாளில் தொடங்காமல் தவணை போட்டுத் தொடங்கினால் பருவம் முழுக்க ஓட்டம் இருக்கும். பத்துப் பெண் பனைக்கு ரெண்டை விதைக்கென்றே தொடாமல் விடுங்கள். சீவுகிற மரத்தில் வேலிக்கும் கூரைக்கும் என்று பச்சை ஓலையை வெட்டாதீர்கள்.

கூலியை எப்படிப் பேசுவது?

சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். பத்துப் பனை, காலையும் மாலையும் ஏறினால் 20 ஏற்றம். மரம் 50 அடி என்றால் ஒரு நாளைக்கு ஆயிரம் அடி ஏறி, ஆயிரம் அடி இறங்குகிறார் ஒரு மனிதர். ஏறின மரத்திலேயே இன்னொரு கலயம் கட்டினால் அவருக்குக் கால்வலி மிச்சம். லிட்டர் கணக்கில் கூலி பேசினால் கலயம் கூடிக்கொண்டேதான் போகும். அது அவர் குற்றமில்லை, நாம் பேசின பேச்சின் குற்றம். நாள் கூலியோ மாதச் சம்பளமோ பேசி, மரத்துக்கு இத்தனை கலயம்தான் என்று முதல் நாளே ஒத்துக்கொள்ளுங்கள்.

சீவலைக் காகிதம்போல மெல்லிசாகப் போடுகிறவருக்கு ஒரு பாளை நீண்ட நாள் வரும். தடியாகச் சீவினால் சீக்கிரம் தீர்ந்துவிடும், அப்புறம் புதுப் பாளை தேட வேண்டிவரும். கைப்பக்குவம் உள்ளவருக்குக் கூடுதல் கூலி கொடுப்பது மரத்துக்கே லாபம்.

அடுப்பையும் பாருங்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு லிட்டர் பதநீராவது வேண்டும். பத்து மரம், மரத்துக்கு மூணு லிட்டர் என்று வைத்தால் 30 லிட்டர். அதில் 26 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கினால்தான் மூணே முக்கால் கிலோ கிடைக்கும். சாயங்காலத்துக்குள் காய்ச்ச விறகும் ஆளும் இல்லாமல் கலயத்தைக் கூட்டினால் சாறு புளித்துப்போகும். கலயம் கூடினால் கழுவுவதும் சுண்ணாம்பு தடவுவதும் கூடும். சுண்ணாம்பு குறைந்தால் புளிக்கும், மிஞ்சினால் கருப்பட்டி கெடும்.

பாலாற்றங்கரைக்குத் தனிக்கணக்கு

தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் கிணறுகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த உப்பு இன்னும் பல இடத்தில் கிணற்றை விட்டுப் போகவில்லை. உப்புத் தண்ணியும் வறட்சியும் சேர்ந்தால் தென்னையில் ஓலை குறையும், குரும்பை கொட்டும். அப்படிப்பட்ட மரத்தில் ஒரு கலயம்கூட அதிகம். கழிவு ஓடின வாய்க்கால் பக்கத்து மரம் என்றால், கிணற்றுத் தண்ணியையும் சாற்றையும் பரிசோதித்துவிட்டுத்தான் குடிக்கவும் விற்கவும் வேண்டும். 'இயற்கை' என்று பேர் போட்டு விற்கிற நமக்கு இந்தக் கடமை ரெண்டு மடங்கு.

முதல் வருசம் செய்ய வேண்டியது

ஒரே வயசு, ஒரே வாட்டமுள்ள ஆறு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். மூணில் ஒரு கலயம், மூணில் ரெண்டு. ஒவ்வொரு மரத்துக்கும் தினம் எத்தனை லிட்டர் என்று நோட்டில் எழுதுங்கள். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஓலையை எண்ணுங்கள். அடுத்த வருசம் எந்த மரம் எத்தனை பாளை விடுகிறது என்றும் குறியுங்கள். உங்கள் மண்ணுக்கும் உங்கள் தண்ணிக்கும் எத்தனை கலயம் என்பதை அந்த நோட்டு சொல்லும். ரெண்டு வருசக் கணக்கு கைக்கு வந்தபின் கூட்டலாம். அதுவரை ஒரு கலயம் குறைவாகவே கட்டுங்கள்.