ஸ்லிம் வந்தால் விலை குறையுமா?

கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையிலிருந்து என் சித்தி மகன் 2024 ஏப்ரலில் போன் செய்தான். "அண்ணே, பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம் வந்துடுச்சு. டிஸ்க் டிரைவ் இல்லாத மாடல் பத்தாயிரம் கம்மி. அதையே வாங்கிடவா?" மரவள்ளிக் கிழங்கு விற்ற காசில் இரண்டு வருடமாகச் சேர்த்த பணம். சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்பதால் வீட்டில் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

கேம் கன்சோல் என்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான். பிராசசர், மெமரி, எஸ்எஸ்டி எல்லாம் அதிலும் உண்டு. சில வருடங்கள் கழித்து அதே கன்சோலைச் சிறியதாக்கி 'ஸ்லிம்' என்று விற்பார்கள். ஏன்? ஒரே பாத்திர மாவில் வடையைச் சின்னதாகத் தட்டினால் எண்ணிக்கை கூடும் அல்லவா? சிப்பும் அப்படித்தான். பிளேஸ்டேஷன் 3-ன் முக்கிய சிப் 2006-ல் 90 நானோமீட்டர் முறையில் தயாரானது. 2009-ல் வந்த ஸ்லிம் மாடலில் அது 45 நானோமீட்டர் ஆனது. சிப் சிறுத்தால் மின்சாரமும் சூடும் குறையும். சூடு குறைந்தால் சிறிய பவர் சப்ளை, சிறிய பெட்டி போதும். தயாரிப்புச் செலவு இறங்கும்.

அந்த மிச்சம் யாருக்கு? இங்கேதான் கவனம் தேவை.

2006-ல் அமெரிக்காவில் 499, 599 டாலர் என்று இரண்டு மாடல்களாக வந்த பிளேஸ்டேஷன் 3, 2009-ல் ஸ்லிம் ஆனபோது 299 டாலருக்குக் கிடைத்தது. அப்போது சோனி விற்பனையில் பின்தங்கியிருந்தது. விலையை இறக்க வேண்டிய கட்டாயம். அந்த ஸ்லிம்மிலும் ஒரு வசதி போனது. பழைய மாடலில் லினக்ஸ் நிறுவிக் கம்ப்யூட்டராகவும் பயன்படுத்த முடிந்தது, இதில் முடியாது.

பிளேஸ்டேஷன் 5 கதை வேறு. 2021 பிப்ரவரியில் இந்தியாவில் டிஸ்க் மாடல் 49,990 ரூபாய், டிஜிட்டல் மாடல் 39,990 ரூபாய். 2022 நவம்பரில் இரண்டுக்கும் 5,000 ரூபாய் ஏற்றினார்கள். 2024 ஏப்ரலில் வந்த ஸ்லிம்மும் அதே ஏறிய விலையில்தான் வந்தது: 54,990 மற்றும் 44,990. பெட்டி 30 சதவீதத்துக்கும் மேல் சிறுத்தது, எஸ்எஸ்டி 825 ஜிபியிலிருந்து 1 டிபி ஆனது. கேம் ஓடும் வேகம் அதேதான். எனவே 'ஸ்லிம் வந்தால் விலை இறங்கும்' என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றமே.

சரி, 2024 ஏப்ரலில் 10,000 ரூபாய் குறைவாக இருந்த டிஜிட்டல் மாடலை வாங்கலாமா? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பெரிய கேம் ஒன்று 100 ஜிபி வரை வரும். 10 எம்பிபிஎஸ் வேகம் விடாமல் கிடைத்தாலும் டவுன்லோட் ஆக 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினம் 2 ஜிபி தரும் மொபைல் பேக் என்றால் 50 நாள்! சிக்னலுக்காக மேட்டில் ஏறி நின்று பேசுகிறவன் அவன். டிஸ்க் என்றால் கேமின் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும்; பிறகு வரும் அப்டேட்டுகளுக்கு மட்டும் நெட் தேவை. ஆடி முடித்ததும் நண்பருக்கு மாற்றிக் கொடுக்கலாம், பாதி விலைக்காவது விற்கலாம். டிஜிட்டலில் வாங்கிய கேமை விற்க முடியாது.

ஸ்லிம் டிஜிட்டல் மாடலில் பின்னால் டிஸ்க் டிரைவ் வாங்கி மாட்டலாம். ஆனால் அதைக் கன்சோலுடன் இணைக்க முதல் முறை இன்டர்நெட் வேண்டும். இதையும் மறக்காதீர்கள்.

கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகள். அன்றைய விலை என்ன? அதே விலைக்குப் பழைய 825 ஜிபி மாடலைத் தள்ளிவிடுகிறார்களா? உங்கள் வீட்டு நெட் வேகம் எவ்வளவு?

தம்பி இன்னும் இரண்டு மாதம் பொறுத்து, கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து டிஸ்க் மாடல் வாங்கினான். டவுனில் என் வீட்டு நெட்டில் இணைத்து அப்டேட் எல்லாம் முடித்த பிறகுதான் மலைக்கு பஸ் ஏறினான். பெட்டியின் விலையை மட்டும் பார்க்காமல், உங்கள் ஊரில் அதை ஓட்ட ஆகும் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.