மீகாமனுக்கு எழுதும் உரை

சென்னையிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைக் கடந்து ஸ்ரீபெரும்புதூரை அடையும் வரையிலும், அங்கிருந்து பிரிந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் போகும் சாலையிலும், பகலென்றும் இரவென்றும் பாராமல் கன்டெய்னர் லாரிகள் ஊர்ந்துகொண்டே இருப்பதை, அந்தப் பக்கம் ஒருமுறை போய்வந்தவரும் மறக்கமாட்டார். பெட்டிக்குள் இருப்பது கார் உதிரிபாகமா, கைப்பேசியா, கண்ணாடியா என்பது லாரி ஓட்டுநருக்குத் தெரியவேண்டியதில்லை. மூலைகளில் உள்ள இரும்பு வார்ப்புகள் உலகம் முழுவதும் ஒரே அளவாக அமைந்திருப்பதால், எந்தத் துறைமுகத்துக் கிரேனும் அதைப் பற்றித் தூக்கிவிடும். 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி, மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் சான்ட்ரோ காரை வெளியிடத் தொடங்கியதும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டதும், அன்று அவர் தொடங்கிவைத்த ஏற்பாடு இல்லாமல் இவ்வளவு சுலபமாக நடந்திருக்கமாட்டா.

இந்தப் பெட்டியின் பெயரையே மென்பொருள் உலகம் கடனாகப் பெற்றுக்கொண்டது. எழுதியவரின் கணினியில் செவ்வனே ஓடுகிற ஒரு நிரல், வேறொரு கணினிக்குப் போனவுடன், அங்கே ஒரு துணை நூலகம் இல்லை, இங்கே ஒரு பதிப்பு பழையது என்று முரண்டு பிடிப்பது வழக்கமாக இருந்தது. நிரலையும் அதற்கு வேண்டிய சகல துணைக்கருவிகளையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டால் எங்கே கொண்டு போய் இறக்கினாலும் அது ஓடும் என்ற யோசனைதான் கன்டெய்னர். 2013இல் வெளிவந்த டாக்கர் என்னும் கருவி அதை எல்லோர் கைக்கும் எட்டச் செய்தது. பெட்டி ஒன்றிரண்டானால் மனிதரே பார்த்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் பெருகும்போது எதை எந்தக் கணினியில் இறக்குவது, விழுந்ததை எப்படி எழுப்புவது என்பதை ஆளவேண்டுமல்லவா? அதற்காக 2014இல் கூகுள் நிறுவனத்தார் வெளியிட்டுப் பின்னர் பொதுச்சொத்தாக வளர்ந்த மென்பொருளுக்குக் குபர்நெட்டீஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் அதற்குச் சுக்கான் பிடிப்பவன் என்று பொருள். நம் முன்னோர் அவனையே மீகாமன் என்றார்கள். அதன் சின்னமும் ஏழு கைகள் கொண்ட ஒரு கப்பற்சக்கரமே.

இந்த மீகாமனுக்குக் கட்டளையிடும் முறை விசித்திரமானது. ‘இதைச் செய், பிறகு அதைச் செய்’ என்று நாம் வரிசையாகச் சொல்வதில்லை. ‘இந்த நிரலின் மூன்று பிரதிகள் எக்காலமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்’ என்று ஒரு சிறிய கோப்பில் எழுதிக் கொடுத்துவிட்டால், ஒன்று அணைந்தால் இன்னொன்றைத் தானே ஏற்றி, எப்போதும் மூன்றாகவே வைத்திருப்பது அதன் பொறுப்பு. அந்தக் கோப்பை எப்படி எழுதவேண்டும் என்பதை அறிவிக்கும் விளக்க ஏடுகளே, மென்பொருள்காரர் பேச்சில் டாக்குமென்டேஷன் எனப்படுவது. என் சிந்தையைக் கவர்ந்த விஷயம் அந்த ஏடுகள்தாம். அவை திருத்தப்படும் விதமும், திருத்தப்படாமல் தங்கிவிடும் விதமும்.

இதில் எனக்கு அக்கறை ஏற்பட்டதற்கு ஒரு பூர்வ காரணம் உண்டு. ஒரகடத்தை அடுத்த ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், ஆவணங்களைப் பராமரிக்கும் பகுதியில் நான் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். லைனில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும், வேலை செய்பவரின் கண்ணுக்கு நேரே, பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள் தொங்கும். எந்தப் போல்ட்டை எந்த வரிசையில், எவ்வளவு டார்க் வைத்து முறுக்கவேண்டும் என்று படத்துடன் விளக்கி, வலது மூலையில் திருத்த எண்ணும் தேதியும் இட்டிருக்கும். உறையின் ஓரத்தில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை ஒன்று எப்போதும் இருக்கும். அந்தத் தாள் மெய்யாகவே படிக்கப்படுகிறது என்பதற்கு நான் நம்பிய ஒரே சாட்சி அதுதான். ஒரு சமயம் ஒரு போல்ட்டின் டார்க் 22இலிருந்து 26க்கு உயர்த்தப்பட்டது. நான் புதிய தாளை அச்சிட்டு, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கி, பழையதைக் கழற்றிக் கிழித்துவிட்டுப் புதியதை மாட்டி, காரியம் முடிந்ததென்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். இரவு ஷிப்டில் முன்பு யாரோ வசதிக்காக எடுத்துவைத்த ஜெராக்ஸ் பிரதி ஒன்று, கருவிப் பெட்டியின் கதவுக்கு உட்புறத்தில் ஒட்டியிருந்தது எனக்குத் தெரியாது. அன்று புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், சிரத்தையோடு அதைப் பார்த்தே, ஒரு ஷிப்ட் முழுதும் 22 வைத்து முறுக்கினான். மறுநாள் அவ்வளவு உருப்படிகளையும் பிரித்து மறுபடி முறுக்கவேண்டியதாயிற்று. அந்தப் பையனைத் திட்டினார்கள். திட்டு வாங்கவேண்டியவன் நான். புதியதை எழுதுவது பாதி வேலை என்பதையும், பழையதைத் திரும்பப் பெறுவதே மற்றப் பாதி என்பதையும், கஷ்டமானது இரண்டாவதுதான் என்பதையும் அன்று தெரிந்துகொண்டேன். காலாவதியான ஆவணம் தவறிப்போயும் உபயோகத்துக்கு வந்துவிடாமல் தடுக்கவேண்டும் என்ற விதியின் கருத்து அப்போதுதான் என் மனத்தில் பதிந்தது.

குபர்நெட்டீஸ் ஆண்டுக்கு மூன்று முறை புதிய பதிப்பாக வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் சில வசதிகள் பிறக்கின்றன, சில மறைகின்றன. முன்பு நான் சொன்ன சிறிய கோப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் தலைப்பில், இது எந்த விதித்தொகுப்பின்படி எழுதப்பட்டது என்று குறிக்கும் ஒரு வரி உண்டு. பல காலம் அங்கே ‘எக்ஸ்டென்ஷன்ஸ்/வி1பீட்டா1’ என்று எழுதி வந்தார்கள். 2019 செப்டம்பரில் வந்த 1.16 பதிப்பு அந்த வரியை ஏற்க மறுத்து, ‘ஆப்ஸ்/வி1’ என்று எழுதினால்தான் கேட்பேன் என்றது. ஒரு வரியை மாற்றினால் போதுமென்று நினைத்தவர்கள் மறுபடியும் இடறினார்கள். ஏனெனில் புதிய விதித்தொகுப்பில், எந்தப் பெட்டிகள் இந்தக் கட்டளைக்கு உட்பட்டவை என்பதைத் தெரிவிக்கும் ‘செலக்டர்’ என்ற பகுதியையும் வெளிப்படையாக எழுதியாக வேண்டும். விளக்க ஏட்டில் இவ்விரண்டையும் சேர்த்துச் சொன்னவர், முகமறியாத எத்தனையோ பேருடைய ஓர் இரவுத் தூக்கத்தைக் காப்பாற்றினார் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இன்னொரு நிகழ்ச்சி மேலும் பிரசித்தமானது. 2020 டிசம்பரில், 1.20 பதிப்போடு, டாக்கருடன் பேசுவதற்காகக் குபர்நெட்டீசுக்குள் இருந்த ‘டாக்கர்ஷிம்’ என்னும் இடைப்பகுதி கைவிடப்படப்போகிறது என்ற அறிவிப்பு வந்தது. டாக்கரால் கட்டிய பெட்டிகளெல்லாம் இனி ஓடா என்று அதைப் பலர் பொருள்கொண்டு கலங்கிவிட்டார்கள். அம்மாதம் 2ஆம் தேதியே, பதற வேண்டாம் என்று தலைப்பிலேயே சொல்லி, பெட்டிகள் முன்போலவே ஓடும், அவற்றை உள்ளிருந்து ஓட்டும் இயந்திரம் மட்டுமே மாறுகிறது என்று விவரித்து ஒரு விளக்கம் வெளியிடவேண்டி வந்தது. 2022 மே மாதம், 1.24 பதிப்பில், அந்த இடைப்பகுதி மெய்யாகவே நீக்கப்பட்டது. இடைப்பட்ட பதினேழு மாதங்களும் விளக்க ஏடு எழுதுவோர் உழைத்த காலம். மாறிச் செல்லவேண்டியவர்களுக்கு வழிகாட்டும் ஒரு தனி அத்தியாயமே அதில் சேர்ந்தது.

அந்த உழைப்பு நடக்கும் முறையும் அறியத்தக்கது. புதிய வசதி ஒன்றைச் சேர்க்க விரும்புபவர், அதற்குரிய விளக்கத்தையும் குறித்த கெடுவுக்குள் எழுதித் தரவேண்டும். இல்லையேல் அந்தப் பதிப்பில் அந்த வசதிக்கு இடமில்லை. விளக்கத்தில் பிழை கண்டவர் யாராயினும், அவர் காஞ்சிபுரத்து மாணவராக இருந்தாலும், திருத்தம் எழுதி அனுப்பலாம். சரிதான் என்று ஒருவர் பார்த்துச் சொல்லி, அதிகாரம் பெற்ற மற்றொருவர் ஒப்புதல் தந்தபின் அது ஏட்டில் ஏறுகிறது. நடப்புப் பதிப்போடு அதற்கு முந்தைய நான்கு பதிப்புகளின் ஏடுகளையும் காத்துவைக்கிறார்கள். பழையதைத் திறப்பவருக்கு, இது இப்போது பராமரிக்கப்படுவதில்லை என்று பக்கத்தின் உச்சியிலேயே எச்சரிக்கை தெரிகிறது. அந்த எச்சரிக்கையை முதன்முதல் பார்த்தபோது, எங்கள் பகுதியில் காலாவதியான தாளின்மேல் நாங்கள் குத்திய சிவப்பு முத்திரைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆயினும் ஜெராக்ஸ் பிரதி இங்கும் உண்டு. என் தம்பி மகள் ஸ்ரீபெரும்புதூரில், தொழிற்சாலைகளுக்கு சர்வர்களைப் பராமரித்துத் தரும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். 2024ஆம் ஆண்டு கோடையில் ஒருநாள், இரவு பதினோரு மணிக்குக் கூப்பிட்டாள். “பெரியப்பா, சீனியர் எழுதி வச்சிருக்கற நோட்ல இருக்கறபடி ஒரு எழுத்துகூட மாத்தாமத்தான் அடிச்சேன்; அப்படி ஓர் அட்ரஸே இல்லன்னு வருது” என்றாள். விஷயம் இதுதான்: குபர்நெட்டீசை நிறுவுவதற்கான பொதிகள் நெடுங்காலம் ஓரிடத்தில் இருந்தன, 2023 ஆகஸ்டில் புதிய இடம் அறிவிக்கப்பட்டது, செப்டம்பரில் பழைய இடத்துக்குப் புதுச்சரக்கு வருவது நின்றது, 2024 மார்ச்சில் பழைய இடமே எடுக்கப்பட்டுவிட்டது. மூல ஏட்டில் திருத்தம் காலத்தோடு ஏறிவிட்டது. அதிலிருந்து யாரோ எப்போதோ எடுத்து, அலுவலகக் குறிப்பில் ஒட்டி வைத்த பிரதியை மட்டும் யாரும் தொடவில்லை. அந்தப் பிரதியில் தேதி இல்லை. எந்தப் பதிப்புக்கு உரியது என்ற குறிப்பும் இல்லை.

இதை யோசிக்கும்போதெல்லாம், அவளுடைய அலுவலகத்துக்கு அருகிலேயே, ஆதிகேசவப் பெருமாள் கோயில் கொண்ட அந்த ஊரில் 1017இல் அவதரித்ததாக மரபு கூறும் இராமானுசரையும், அவரைச் சார்ந்த உரைகாரர்களையும் நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. அவருடைய நியமனத்தால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி என்னும் வியாக்கியானம் செய்தார். 32 எழுத்து கொண்டது ஒரு படி. பின்னர் நஞ்சீயர் ஒன்பதினாயிரமும், பெரியவாச்சான் பிள்ளை இருபத்துநாலாயிரமும், வடக்குத் திருவீதிப் பிள்ளை முப்பத்தாறாயிரமும் செய்தருளினார்கள். மூலம் ஒன்றே, கேட்பவர் மாற மாற உரையும் மாறி வளர்ந்தது. அப்படி வளர்ந்த உரை, வாதிகேசரி அழகிய மணவாளச் சீயரிடம் பன்னீராயிரமாகச் சுருங்கிப் பதவுரையாக வடிவெடுத்தது; சொல்லுக்குச் சொல் பொருள் வேண்டுவோர் ஒருகாலத்தில் வந்தார்கள், அவர்களுக்கும் எழுத ஒருவர் வந்தார் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். நஞ்சீயர் தம் உரையைப் பிரதி செய்யத் தந்த ஏட்டுக்கட்டைக் காவிரி வெள்ளம் கொண்டுபோய்விட, நம்பூர் வரதர் நினைவிலிருந்தே அதை எழுதி, சிற்சில இடங்களில் தம் நயங்களையும் சேர்த்துக் கொடுத்தாரென்றும், கடிந்துகொள்ளாமல் நஞ்சீயர் மகிழ்ந்து அவரை நம்பிள்ளை என்று அழைத்தாரென்றும் குருபரம்பரை கூறும். திருத்தி எழுதியவனை ஆசிரியனே அணைத்துக்கொள்ளும் அந்தப் பண்புதான், முகமறியாதவரின் திருத்தத்தையும் படித்து ஏற்கும் அந்த மென்பொருள்காரர்களிடம் எனக்கு மதிப்பை உண்டாக்குகிறது.

என் தம்பி மகள் அன்றிரவே மூல ஏட்டைப் பார்த்து வேலையை முடித்துவிட்டு, அலுவலகக் குறிப்பையும் திருத்தி, தலைப்பில் பதிப்பு எண்ணும் தேதியும் இட்டாள். “பழசு யார் யார்கிட்ட இருக்குன்னு எப்படிப் பெரியப்பா கண்டுபிடிக்கறது?” என்று கேட்டாள். எந்தப் பிரதி யார் வசம் இருக்கிறதென்று நாங்கள் ஒரு பதிவேடு வைத்து, திரும்ப வாங்கும்போது கையெழுத்துப் பெற்று வந்ததைச் சொன்னேன். திங்கட்கிழமை அவள் ஒவ்வொருவர் மேஜையாகப் போய்க் கேட்டிருக்கிறாள். மூன்று பிரதிகள் மதியத்துக்குள் அகப்பட்டன. நான்காவது, மறுநாள் விடியற்காலையில், இரவு ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸுக்காக வாசலில் நின்ற ஒருவருடைய கைப்பேசியில் புகைப்படமாக இருந்தது.