உஷார்! ஸ்கூல் வேனை யாரோ ஒருவர் போனிலேயே நிறுத்தலாம்

பிள்ளையை வேனில் ஏற்றி அனுப்புகிற அம்மாமாரே, அப்பாமாரே, இதை வாசித்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். பசறை, நமுனுகுல, தெமோதரைத் தோட்டங்களிலிருந்து பதுளைக்குப் போகிற அந்த வேனில் ஜீ.பி.எஸ். பூட்டியிருக்கிறதா? "பூட்டியாச்சு, இனிப் பயமில்லை" என்றுதானே இருக்கிறீர்கள்? அங்கேதான் ஆபத்து!

2015இல் அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் நகரில் ஜீப் ஓட்டிப்போன ஒரு பத்திரிகையாளருக்கு நடந்ததைக் கேளுங்கள். ஏசி தானாகக் கூடியது. ரேடியோ அலறியது. பிறகு அக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி இழுக்கவில்லை. பின்னால் பெரிய லொறி! எங்கோ ஒரு வீட்டில் லெப்டொப்போடு இருந்த இரண்டு ஆய்வாளர்கள் செய்த வேலை அது. முன்பே பேசிவைத்த சோதனைதான். அப்படியிருந்தும் மனுஷன் பதறிப்போனார். அதன்பின் 14 லட்சம் வண்டிகளைத் திருத்தக் கம்பனியே திருப்பி அழைத்தது.

அது அமெரிக்காவில்தானே என்று விட்டுவிடாதீர்கள். நம் வேன்களில் டாஷ்போர்டுக்குள்ளே சிம் போட்ட சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கிறதே, களவு போனால் என்ஜினை நிறுத்தவென்று அதோடு ஒரு ரிலேயையும் பூட்டுவதுண்டு. பெட்ரோல் பம்புக்குப் போகும் வயரை வெட்டி, நடுவில் கோர்த்துவிடுவார்கள். ஒரு எஸ்.எம்.எஸ். போதும், என்ஜின் நிற்கும்!

அனுப்புவது முதலாளியா, களவாணியா? பெட்டிக்குத் தெரியாது! 2022 ஜூலையில் மைகோடஸ் எம்வி720 என்ற இதேபோன்ற ஜீ.பி.எஸ். கருவியைப் பற்றி அமெரிக்க அரசே எச்சரித்தது. கம்பனியிலிருந்து வரும் பாஸ்வேர்ட் 123456. அதை மாற்றினாலும் தப்பவில்லை. சில கட்டளைகளை அது பாஸ்வேர்ட் கேட்காமலே ஏற்றது. அந்தக் கம்பனியின் கருவிகள் 169 நாடுகளில், சுமார் 15 லட்சம்.

இறக்கத்தில் என்ஜின் நின்றால் என்ன ஆகும்? பவர் ஸ்டியரிங் இறுகிவிடும். பிரேக் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வழக்கம்போல் பிடிக்கும். அதன்பின் முழுப்பலத்தோடு மிதிக்க வேண்டும். பசறை 13ஆம் கட்டையில் 2021 மார்ச்சில் பஸ் பள்ளத்தில் பாய்ந்தது வேறு காரணத்தால். ஆனால் நம் பாதையில் சாரதியின் கை ஒரு கணம் பிசகினால் கீழே என்ன காத்திருக்கிறது என்று அன்று கண்டோம்.

இவற்றைக் கண்டால் உடனே உஷார்! ஓடுகிற வண்டி காரணமில்லாமல் நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. பெட்டியின் சிம்மில் ரீலோட் காசு சீக்கிரம் தீர்கிறது. தெரியாத நம்பரிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. இன்னும் பயங்கரம்: பூட்டியவர் தன் நம்பரையே பதிந்துவைத்து, இன்றுவரை அழிக்கவில்லை!

சாரதி அண்ணனிடம் நாளைக்கே கேளுங்கள். வெட்கப்படாதீர்கள், உங்கள் பிள்ளை! பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. ரிலேயைக் கழற்றச் சொல்லுங்கள். வண்டி எங்கே நிற்கிறது என்று பெட்டி காட்டட்டும். என்ஜினைத் தொடும் வயர் அதற்கு வேண்டாம். வேலை தெரிந்த ஓட்டோ எலெக்ட்ரீஷியனே கழற்ற வேண்டும். வெட்டிய இடத்தில் பெட்ரோல் பம்ப் வயரை மறுபடி இறுக்கமாகச் சேர்த்து டேப் சுற்றினாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அந்த இணைப்பு தளர்ந்தாலும் இறக்கத்தில் என்ஜின் நின்றுவிடும்.