படகிலிருந்து வஞ்சிர மீன் பிடிக்கும் முறை

சென்னைப் பக்கத்தில் வஞ்சிரமென்றும் தூத்துக்குடியில் சீலாவென்றும் வழங்கும் மீன், சாளை, நெத்திலி முதலியவற்றைத் துரத்தியுண்ணும் வேகமுடையது. ஆதலின் ஓடும் படகின் பின்னே இரை கோத்த தூண்டிலை இழுத்துச் செல்லுதலே தக்க உபாயம். கடற்பறவைகள் பாய்ந்து இரையெடுக்குமிடத்தின் ஓரமாகப் படகைச் செலுத்துக. நடுவே செலுத்தின் மீன்கள் கலைந்துவிடும்.

இதன் கூரிய பற்கள் நைலான் நரம்பை அறுத்துவிடுமாதலால், தூண்டிலையடுத்து எஃகுக் கம்பி சேர்த்தல் அவசியம். நரம்பைக் கையிற் சுற்றிக்கொள்ளலாகாது. பெருமீன் இழுப்பின் விரல் அறுபடக்கூடும். மீன் ஓடுங்கால் சிறிது விட்டு, ஓய்ந்தபின் தொய்வின்றி இழுத்துக் கொக்கிக்கோலால் தூக்குக.

பிடித்த மீனை வெயிலிற் கிடத்துதல் பெருந்தவறு. வெப்பத்தால் தசையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் மிகும். சமைப்பினும் அது நீங்காது. உண்டார்க்கு முகஞ்சிவத்தல், தலைநோய், வாந்தி உண்டாகும். ஆகையால் உடனே பனிக்கட்டியில் இடுபவரே நல்விலையும் நற்பெயரும் பெறுவர்.